இரண்டு பள்ளிக்கூடத்துக் குப்பை

ஹரோ, இலண்டன்
5 ஒக்ரோபர் 2025

அன்புள்ள அப்பா,

இதை அனஸ்ரேசியா அன்ரிதான் உங்களுக்கு வாசித்துக் காட்டுவார் என்று தெரியும். அன்ரி, சுகமாக இருக்கிறீர்களா? தயவுசெய்து முழுவதையும் வாசியுங்கள். நடுவில் நிறுத்திக் கருத்துச் சொல்லாதீர்கள்.

அப்பா, அம்மா இறந்து எட்டாம் நாள் செய்த எட்டுச்செலவோடு நாங்கள் கதைப்பதை விட்டோம். ஆறு வருடம். போன் எடுத்தால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது, பக்கத்து வீட்டு அன்ரி விடமாட்டார்.

விஷயம் உங்கள் பேத்தி சாருகாவின் படிப்பு. அவளுக்குப் பதின்மூன்று வயது. வரும் கோடையில் செபஸ்ரியனுக்கு பொஸ்ரனில் வேலை. அவர் போவது முடிவாகிவிட்டது. சாருகாவையும் கூட்டிப்போய் அங்கே ஒரு தனியார் பள்ளியில் சேர்க்கவேண்டும் என்கிறார். எனக்கு அவள் இங்கேயே படிக்கவேண்டும். இந்தப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைய அவள் இரண்டு வருடம் பரீட்சைக்குப் படித்தவள். இங்கே பதினாறு வயதில் ஒரு பெரிய பரீட்சை, பிறகு மூன்று பாடத்தை மட்டும் எடுத்து ஆழமாகப் படிப்பார்கள். அங்கே நான்கு வருடமும் எல்லாப் பாடமும், தினமும் புள்ளி, விளையாட்டு, சங்கம், தொண்டு. அவள் இங்கே நின்றால் நானும் இங்கேதான் நிற்பேன். அதாவது வீடு இரண்டாகும். சாப்பாட்டு மேசையில் நாங்கள் வேறு எதையும் கதைப்பதில்லை.

நீங்கள் இரண்டு முறையையும் உள்ளே இருந்து பார்த்தவர். ஒஸ்லோவில் பிரித்தானியப் பள்ளியில் ஆறு வருடம், அமெரிக்கப் பள்ளியில் பதினான்கு வருடம். எது நல்லது என்று எனக்குச் சொல்லுங்கள்.

இன்னொன்று. அந்த பொஸ்ரன் பள்ளி விண்ணப்பத்தோடு ஒரு கட்டுரை கேட்கிறது: "உன் குடும்பத்தில் தடைகளைத் தாண்டிய ஒருவர்." சாருகா உங்களைப் பற்றி எழுத ஆசைப்படுகிறாள். அவளுடைய கேள்விகள் நான்கு. ஏன் நீங்கள் பள்ளிக்கூடம் போகவில்லை? உங்கள் வேலையில் மிகவும் கஷ்டமான நாள் எது? மிகவும் பெருமையான நாள் எது? வேலை உடுப்போடு எடுத்த படம் இருக்கிறதா?

தை மாத நடுவில் விண்ணப்பம் முடிகிறது.

உங்கள் மகள்,
தக்சிலா


மோர்டென்ஸ்ருட், ஒஸ்லோ
16 ஒக்ரோபர் 2025

தக்சிலாவுக்கு,

நான் சொல்லச் சொல்ல அனஸ்ரேசியா எழுதுகிறாள். சாதாரண தரப் பரீட்சையில் தமிழுக்கு விசேட சித்தி எடுத்தவளாம். என் பேச்சை எழுத்துத் தமிழாக்கித்தான் எழுதுவேன் என்று அடம்பிடிக்கிறாள். ஆக்கட்டும். ஏச்சில் மட்டும் ஒரு சொல்லும் குறைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன். உன் கடிதத்தின் முதல் பந்தியை வாசித்ததும் "முழுக்க வாசி எண்டு எனக்கே சட்டம் போடுறாள் பாருங்கோ" என்று கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டாள். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துத்தான் மிச்சத்தை வாசிப்பித்தேன். இங்கே தபால்காரன் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருகிறான். ஆறு வருடம் பொறுத்தவளுக்கு அது பெரிதில்லை.

நாங்கள் கதைப்பதை விட்டோம் என்று எழுதியிருக்கிறாய். விட்டது ஏன் என்று எழுதவில்லை. எனக்கு மறதி கிடையாது. உன் அம்மாவின் எட்டுச்செலவு அன்று மண்டபத்தில், செபஸ்ரியனுடைய கொம்பனியின் ஒஸ்லோக் கிளையிலிருந்து இரண்டு வெள்ளைக்காரர் வந்தார்கள். நீ என் தோளில் கைவைத்து, "அப்பா பள்ளிக்கூட நிர்வாகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்" என்று நோர்வேக்காரரின் நொஸ்க் மொழியில் சொன்னாய். நான் அதே நொஸ்க்கில், "கக்கூசு கழுவினவன்" என்றேன். உன் கை என் தோளிலிருந்து எடுபட்டது. அடுத்த நாள் காலை விமானத்தில் போய்விட்டாய். அந்தக் கை எடுபட்ட பாரம் இன்றைக்கும் தெரியும்.

இப்போது எந்தப் பள்ளிக்கூடம் நல்லது என்று கேட்கிறாய். இரண்டும் அருவருப்பு. எப்படி அருவருப்பு என்று கேள்.

பிரித்தானியப் பள்ளியின் பேர் என் வாயில் நுழைந்ததில்லை. மேட்டில் இருந்தது, மேட்டுப் பள்ளி என்றுதான் எனக்கு. அங்கே பிள்ளைகளின் கழுத்தில் பட்டி. பதினொரு வயதுப் பிள்ளை வங்கி மனேச்சர் மாதிரி நடக்கும். வாளியைத் தட்டி ஊற்றினால் "சொறி" என்று சொல்லும், என்னைப் பார்த்து இல்லை, வாளியைப் பார்த்து. ஆறு வருடத்தில் என் கண்ணைப் பார்த்துச் சொறி சொன்ன பிள்ளை ஒன்பது பேர். ஒவ்வொருவரின் முகமும் சொல்லுவேன்.

சித்திரை கடைசியில் விளையாட்டு மண்டபத்தில் பரீட்சை மேசை போடவேண்டும். ஒரு மேசைக்கும் அடுத்த மேசைக்கும் ஒன்றேகால் மீற்றர். அதற்கென்று கயிற்றில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்கள். முடிச்சைப் பிடித்து அளந்து போட்டவன் நான். ஒரு விரற்கடை தவறினாலும் மேற்பார்வை செய்கிற மனுசி வந்து காலால் தட்டிக் காட்டுவாள். பிள்ளைக்குப் பக்கத்தில் இன்னொரு பிள்ளையின் மூச்சுக்கூடப் படக்கூடாதாம். அதுதான் அவர்களுடைய படிப்பு. எல்லாரையும் ஒரே உடுப்பில் வரிசையாக வளர்த்து, பிறகு கயிறு போட்டுப் பிரித்து, ஒரு காலையில் இவன் மேலே, இவன் கீழே என்று முடித்துவிடுவது.

பரீட்சை தொடங்கினால் கீழ்மாடிக் கக்கூசில் மூன்றாவது அறையில் சத்தி. எப்போதும் மூன்றாவது அறை. வாசலுக்குத் தூரம், ஓங்காளிக்கும் சத்தம் வெளியே கேளாது. நான் ஒன்பது மணிக்கு முன்னரே போய் வாளியோடு நிற்பேன். சத்தி எடுத்த பிள்ளை வாயைத் துடைத்து, பட்டியைச் சரிசெய்து, என்னைக் கடந்து நேராக மண்டபத்துக்குப் போகும். ஒரு பிள்ளையும் அழுததில்லை. அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு அருவருப்பு வந்திருக்காது.

குப்பைவாளியில் புள்ளிக் கடதாசி கிழிந்து கிடக்கும். அதில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியாது. எப்படிக் கிழித்திருந்தார்கள் என்று தெரியும். நகம் அளவுத் துண்டு. ஒட்டி வாசிக்க முடியாதபடி.

நீயும் அங்கேதான் படித்தாய். பணியாளர் பிள்ளைக்கு இலவச இடம். உன் அம்மா கனகேஸ்வரிக்கு அன்றைக்குக் காலில் நிலம் படவில்லை. அதைப்பற்றி இப்போது வேண்டாம்.

சாருகாவின் நான்கு கேள்விக்கும் பதில் இல்லை. வேலை உடுப்புப் படமும் இல்லை. அந்த உடுப்பில் என்னைப் படம் எடுக்க அன்றைக்கு ஒருவருக்கும் தோன்றவில்லை. உனக்கும்தான்.

சோதிலிங்கம்


ஹரோ
27 ஒக்ரோபர் 2025

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் மடித்தே வைத்திருந்தேன்.

எட்டுச்செலவு அன்று நான் சொன்னது பிழை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அப்பா, நீங்கள் ஒரு பள்ளிக்கூடத்தின் குப்பையை மட்டும் பார்த்துவிட்டுப் பள்ளிக்கூடமே அதுதான் என்கிறீர்கள். எனக்கு அங்கே வேதியியல் படிப்பித்த ஆசிரியர் இல்லாவிட்டால் நான் இன்றைக்கு மருந்தாளர் இல்லை. வாளியில் விழாதவையும் வகுப்பறையில் இருந்தன. அதைப் பார்க்க உங்களுக்கு நேரம் இருக்கவில்லை.

சத்தியைப் பற்றி நீங்கள் எழுதியது உண்மை. அந்த மூன்றாவது அறை எனக்கும் தெரியும். அதை வாசித்த பிறகுதான் செபஸ்ரியன் சொல்வதிலும் நியாயம் இருக்குமோ என்று யோசிக்கத் தொடங்கினேன். அமெரிக்கப் பள்ளி புள்ளியை மட்டும் பார்ப்பதில்லை, ஆளைப் பார்க்கிறது. எங்கிருந்து வந்தாய், உன் வீட்டில் யார், உன் கதை என்ன என்று கேட்கிறது. ஒஸ்லோவில் என் பள்ளிக்கூட நாளில் அப்படி யாரும் கேட்டிருந்தால்... சரி, விடுவோம்.

நீங்கள் பதில் தராததால் சாருகா தனக்குத் தெரிந்ததை வைத்து எழுதியிருக்கிறாள். விண்ணப்பங்களைத் திருத்திக் கொடுக்கும் ஒரு பெண்ணிடம் செபஸ்ரியன் அதைக் காட்டினார். அவர் மிகவும் நன்றாக இருக்கிறது என்று சொல்லி, இன்னும் கொஞ்சம் மெருகூட்டியிருக்கிறார். அதைத் தமிழில் எழுதி இத்தோடு வைக்கிறேன். அன்ரி, அப்பாவுக்கு ஆறுதலாக வாசியுங்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் அனுப்பமாட்டோம், அப்பா.

தக்சிலா


மோர்டென்ஸ்ருட்
8 நவம்பர் 2025

தக்சிலாவுக்கு,

அனஸ்ரேசியா வாசித்தாள். ஆறுதலாகத்தான் தொடங்கினாள். பாதியில் சிரிப்பு வந்து தேத்தண்ணி மூக்கால் வந்துவிட்டது. பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"என் அம்மப்பா பகலில் வகுப்பறைகளைத் துடைத்தார். மாலையில் மாணவர்கள் எறிந்த புத்தகங்களைக் குப்பையிலிருந்து எடுத்து, எழுத்து எழுத்தாகத் தானே கற்றார். அறுபதாவது வயதில் தன் முதல் ஆங்கிலப் புத்தகத்தை வாசித்து முடித்தபோது அவர் அழுதார்."

அழுதேனாம்! "அண்ணை, எனக்குத் தெரியாமல் எப்ப இங்கிலீசு எழுத்துப் படிச்சனீங்கள்? அப்ப ஏன் என்னைக் கொண்டு கரண்ட் பில் வாசிப்பிக்கிறியள்?" என்று அனஸ்ரேசியா கேட்கிறாள். எனக்கு இன்றைக்கும் ஆனா ஆவன்னா தெரியாது. ரி-பான் ரயிலில் வரும்போது பலகை வாசித்து இறங்குவதில்லை. கடைசித் தரிப்பிடம், எல்லாரும் இறங்குவார்கள், நானும் இறங்குவேன். அதற்காகவே மோர்டென்ஸ்ருட்டில் வீடு எடுத்தவன் நான். இதை எழுதச் சொல்லு உன் மகளை.

அமெரிக்கப் பள்ளி ஆளைப் பார்க்கிறது என்கிறாய். எப்படிப் பார்க்கிறது என்று சொல்லுகிறேன். பதினான்கு வருடம் அங்கே துடைத்தேன். ஏரிக்கரையில் இருந்தது அந்தப் பள்ளி. முதல் நாளே அதிபர் வந்து கட்டிப்பிடித்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இரண்டாயிரமாம் ஆண்டு, ஓகஸ்ட் பதினாலாம் தேதி, திங்கட்கிழமை. "லிங், நீ எங்கள் குடும்பம்" என்றார். அந்தக் குடும்பத்தில் எனக்கு ஒரு கதிரை இருக்கவில்லை. சாமான் அறையில் வாளியைக் கவிழ்த்து வைத்துத்தான் சாப்பிட்டேன்.

அங்கே பரீட்சைக் கடதாசியில் எழுத்து இல்லை, வட்டம். பிள்ளைகள் வட்டத்துக்குள் கறுப்படிப்பார்கள். மேட்டுப் பள்ளியின் குப்பைவாளியில் வரி வரியாய் எழுத்து, ஏரிப் பள்ளியின் குப்பைவாளியில் புள்ளி புள்ளியாய் வட்டம். எழுத்துத் தெரியாதவனுக்கும் அவ்வளவு தெரியும். மேசைக்கு அடியில் சுயிங்கம், கத்தியால் சுரண்டினால் ஒரு நாளைக்கு ஒரு பேணி. பாதி தின்ற கேக், மூடி திறக்காத பால், காற்றிறங்கிய பலூன். ஒவ்வொரு வெள்ளியும் யாருக்காவது விழா. ஓடி முதலாவதாக வந்தவனுக்கும் மெடல், விழுந்தவனுக்கும் மெடல், வராதவனுக்கு ஊக்கப் பத்திரம். பத்திரங்களைக் கிழிக்கக்கூட மாட்டார்கள், முழுசாகவே வாளியில் கிடக்கும். மேட்டுப் பள்ளியில் கிழித்தவனுக்கு வெட்கம் என்றாவது ஒன்று இருந்தது.

ஒன்று மட்டும் சொல்லவேண்டும். ஏரிப் பள்ளியில் சத்தி குறைவு.

பெருமையான நாள் கேட்டாள் அல்லவா சாருகா? சொல்லுகிறேன், எழுதட்டும். இரண்டாயிரத்து ஒன்பது, மே கடைசி. மண்டபத்துக்கு என்னைக் கூப்பிட்டு மேடையில் ஏற்றினார்கள். அதிபர் ஒலிவாங்கியில் என்னைப் பற்றி நிறையச் சொன்னார். எனக்கு விளங்கவில்லை. ஒரு பத்திரம் தந்தார். எனக்கு வாசிக்கத் தெரியாது. அது அவருக்கும் தெரியும். நானூறு பேர் எழும்பி நின்று கைதட்டினார்கள். பின்வரிசையில் ஒரு தாய் கண்ணைத் துடைத்தாள், என்னைப் பார்த்து அழுவது அவளுக்கு நல்லாயிருந்திருக்கும். மேலேயிருந்து வர்ணக் கடதாசித் துண்டு மழை மாதிரிக் கொட்டியது. எல்லாரும் ஐஸ்கிறீம் சாப்பிட வெளியே போனார்கள்.

அந்தக் கடதாசித் துண்டை யார் கூட்டியது? நான்தான். பத்திரத்தைக் கதிரையில் வைத்துவிட்டு, மூன்று வாளி கூட்டினேன். நாலாவதில் பத்திரத்தையும் போட்டேன்.

இப்போது விளங்குகிறதா? மேட்டுப் பள்ளி என்னை ஒளித்து வைத்தது. ஏரிப் பள்ளி என்னைத் தூக்கிக் காட்டியது. இரண்டிலும் நான் கூட்டவேண்டிய குப்பை ஒன்றுதான். நீ இரண்டையும் படித்து முடித்துவிட்டாய். எட்டுச்செலவில் ஒளித்தாய், இப்போது விண்ணப்பத்தில் காட்டுகிறாய்.

எனக்குத் தெரியாத எழுத்தில், எனக்குத் தெரியாமல் ஒன்றை எழுதுவது உன் வீட்டில் புதிதில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறு, ஓகஸ்ட் பத்தொன்பது, திங்கட்கிழமை பின்னேரம் நீ எனக்கு ஒரு கடதாசி வாசித்தாய். அந்தக் கடதாசி இன்னும் என் பெட்டியில் இருக்கிறது.

சம்மதம் இல்லை.

சோதிலிங்கம்


ஹரோ
20 நவம்பர் 2025

அப்பா,

இதை எத்தனையோ தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். நகம் அளவுத் துண்டாகத்தான். அன்ரி, இதை வாசிக்கும்போது அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் வாசியுங்கள்.

உங்கள் கடிதத்தை சாருகாவுக்கு வாசித்துக் காட்டினேன். புத்தகம் வாசித்த அந்தக் கதை யாருடையது என்று கேட்டேன். திருத்திக் கொடுத்த பெண் "இப்படி முடிந்தால் நன்றாக இருக்கும்" என்று சொன்னாராம். சாருகா முதலில் மறுத்தாளாம். பிறகு சரி என்றாளாம். ஏன் சரி என்றாய் என்று கேட்டேன். போனிலிருந்து தலை தூக்காமலே சொன்னாள்: "அவராலைதான் வாசிக்க ஏலாதே அம்மா. அவருக்கு எப்பிடித் தெரியப்போகுது?"

நான் அடுப்படியில் போய் நின்றேன். ஏனென்றால் அது என் வசனம், அப்பா. பன்னிரண்டு வயதில் இதே வசனத்தை நான் மனதுக்குள் சொன்னேன்.

அந்தக் கடதாசி நான் மேட்டுப் பள்ளியில் சேர்ந்த முதல் நாள் தந்தது. வீட்டுக்கு வரும் எல்லாக் கடதாசியையும் நான்தான் உங்களுக்கும் அம்மாவுக்கும் வாசிப்பேன். வரி அலுவலகக் கடிதம், ஆசுப்பத்திரிக் கடிதம், எல்லாம். நான் வாசித்ததுதான் வீட்டில் சட்டம். அன்றைக்கு நான் வாசித்தது இது: "பள்ளி நேரத்தில் பணியாளர்கள் தங்கள் பிள்ளைகளோடு கதைக்கக்கூடாது. பார்த்தாலும் தெரிந்த மாதிரிக் காட்டக்கூடாது." நீங்கள், "சரி, பள்ளிக்கூட ஒழுங்கு எண்டால் ஒழுங்குதானே" என்றீர்கள்.

அப்படி அதில் ஒரு வரியும் இல்லை. அதில் இருந்தது இது: பணியாளர்களின் பிள்ளைகளை வரவேற்கிறோம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மதியம் பன்னிரண்டு மணிக்குப் பெற்றோர் சாப்பாட்டு மண்டபத்துக்கு வந்து பிள்ளையோடு ஒரே மேசையில் இருந்து சாப்பிடலாம். பிள்ளைக்குப் பக்கத்துக் கதிரை அவர்களுக்கு ஒதுக்கப்படும். கீழே கிழித்துக் கொடுக்கும் துண்டில் வருவேன், வரமாட்டேன் என்று இரண்டு பெட்டி. நீங்கள் கையெழுத்தைக் கீறித் தந்தீர்கள். 'வரமாட்டேன்' பெட்டியில் நான் அடையாளமிட்டேன்.

நான்கு வருடம், அப்பா. நடைபாதையில் என்னைக் கண்டால் நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றீர்கள். ஒருமுறை விஞ்ஞான அறைக்கு வெளியே யாரோ சத்தி எடுத்திருந்தார்கள். நீங்கள் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். நான் என் சிநேகிதிகளோடு நின்று, "எக்ஸ்கியூஸ் மீ, இங்கேயும் இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் காலால் காட்டினேன். நீங்கள் அதையும் துடைத்தீர்கள்.

இதை யாருக்கும் சொன்னதில்லை. செபஸ்ரியனுக்கும். அந்தக் கடதாசியை அன்ரி உங்களுக்கு வாசித்திருப்பார் என்று உங்கள் கடைசிக் கடிதத்தில் விளங்கியது. எப்போது வாசித்தார் என்று கேட்கப் பயமாக இருக்கிறது.

கட்டுரையை எடுத்துவிட்டோம். எந்தப் பள்ளிக்கூடம் என்று எனக்கு இப்போது உண்மையிலேயே தெரியவில்லை. செபஸ்ரியன் கோபத்தில் இருக்கிறார். தை நடுவுக்குள் ஒன்றும் எழுதாவிட்டால் அவர் தனியாகத்தான் போகவேண்டும்.

தக்சிலா


மோர்டென்ஸ்ருட்
1 டிசெம்பர் 2025

மகளுக்கு,

அனஸ்ரேசியா என் முகத்தைப் பார்க்காமல்தான் வாசித்தாள். தன் முகத்தையும் காட்டவில்லை. வாசித்து முடித்து, "அண்ணை, சோறு போடட்டே?" என்று மட்டும் கேட்டாள். அவள் அவ்வளவு குறைவாகக் கதைத்து நான் கேட்டதில்லை.

அந்தக் கடதாசியை அனஸ்ரேசியா இன்றைக்கும் பார்த்ததில்லை. அதை எனக்கு வாசித்தது ஜூலியா. போலந்துக்காரி, என்னோடு மேட்டுப் பள்ளியில் கண்ணாடி துடைத்தவள். இங்கிலீசு வாசிப்பாள். நீ சேர்ந்த கிழமை, நீ வரும் நேரமெல்லாம் நான் சாமான் அறைக்குள் புகுவதைப் பார்த்து, "என்ன லிங்கம், பொலிசுக்குப் பயமா?" என்று பகிடி பண்ணினாள். ஒழுங்கு அப்படி என்றேன். எங்கே காட்டு என்றாள். காட்டினேன். அவள் வாசித்தாள். இரண்டாவது தடவையும் வாசித்தாள். பிறகு, "நாளைக்கு மேலே போ, உனக்குக் கதிரை போட்டிருப்பார்கள்" என்றாள். ஓகஸ்ட் இருபத்திரண்டு, வியாழக்கிழமை. நீ வாசித்து மூன்று நாள்.

ஆம். நான்கு வருடமும் எனக்குத் தெரியும்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். உன் அம்மாவுக்குத் தெரிந்திருந்தால் அன்றைக்கே உன்னை அந்தப் பள்ளியால் நிறுத்தியிருப்பாள். அதனால் என்றுதான் எனக்கே சொல்லிக்கொண்டேன். முழு உண்மை அதில்லை. சொன்னால் நீ என் கண்ணைப் பார்க்கவேண்டி வரும். அதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. நீ பொய்யாக ஒரு சட்டம் போட்டாய், நான் அதைச் சுத்தமாகக் கடைப்பிடித்தேன். அந்தப் பொய்க்கு அப்பனும் நான்தான்.

கஷ்டமான நாள் எது என்று சாருகா கேட்டாள். சத்தி துடைத்த நாள் இல்லை. சத்தி என் வேலை, அதற்குத்தான் சம்பளம். வெள்ளிக்கிழமைகள். ஒரு மணிக்குச் சாப்பாட்டு மண்டபம் துடைக்கவேண்டும். உன் மேசை எது என்று எனக்குத் தெரியும், நீ பாண் துண்டின் ஓரத்தைத் தின்னாமல் வைப்பாய். பக்கத்துக் கதிரையில் ஒருவரும் இருந்திருக்கமாட்டார்கள். அழுக்கில்லாத கதிரை. அதையும் துடைப்பேன்.

ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை? போனேன். ஒரு நாள். மற்றப் பிள்ளைகளை வாங்கில் இருத்தி, சாதியைச் சொல்லி எங்கள் பக்கத்துப் பிள்ளைகளைத் தரையில் இருக்கச் சொன்னார்கள். என் அப்பா வெளியே பார்த்துக்கொண்டு நின்றவர், உள்ளே வந்து என் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு போகவில்லை. மகனுக்கு இடம் இல்லாத பள்ளிக்கூடத்தை அவர் அரை மணித்தியாலத்தில் விட்டார். எனக்குக் கதிரை போட்டு வைத்திருந்த பள்ளிக்கூடத்தில் நான் நான்கு வருடம் சாமான் அறைக்குள் நின்றேன். உன்மேல் எனக்கு அருவருப்பு வந்ததில்லை, தக்சிலா. என்மேல் வந்தது. அந்த வாடைதான் எட்டுச்செலவு அன்று என் வாயால் வந்தது. அந்த வாடைதான் இந்தக் கடிதங்களிலும்.

எந்தப் பள்ளிக்கூடம் என்று நான் சொல்லமாட்டேன். ஒன்று கயிறு போட்டுப் பிரிக்கும், மற்றது கடதாசித் துண்டு கொட்டிக் கூத்தாடும். பிள்ளை எங்கேயும் படிக்கும், நீ படிக்கவில்லையா? வேதியியல் ஆசிரியர் நல்லவர் என்று எழுதினாய். உண்மை. என் கண்ணைப் பார்த்துச் சொறி சொன்ன அந்த ஒன்பது பேரில் ஒருவர் அவர், பிள்ளை என்று கணக்கில் சேர்த்துவிட்டேன். விண்ணப்பத்தை மட்டும் நிறுத்தவேண்டாம். நான்கு கேள்விக்கும் பதில் இதில் இருக்கிறது. படம் மட்டும் இல்லை. இருக்கிறபடி எழுதட்டும். அம்மப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது, ஒரு தடையையும் அவர் தாண்டவில்லை, வெள்ளிக்கிழமைகளில் ஒரு சுத்தமான கதிரையைத் துடைத்தார் என்று எழுதட்டும். கடதாசியில் தன் அம்மா என்ன செய்தாள் என்பதையும் எழுதட்டும், நீ சம்மதித்தால். அதை வாசித்துவிட்டு எடுக்கிற பள்ளி என்றால் மூன்று பேரும் போங்கள். எடுக்காவிட்டால் செபஸ்ரியன் பொஸ்ரனில் தனியச் சமைத்துத் தின்னப் பழகட்டும்.

ஆனால் அனுப்புவதற்கு முன் அவளைக் கூட்டிக்கொண்டு வா. தன் கட்டுரையை அவளே எனக்குத் தமிழாக்கி வாசிக்கவேண்டும். பிறகு பெட்டியில் இருக்கும் அந்தக் கடதாசியையும் வாசிக்கவேண்டும். அனஸ்ரேசியா கண்ணாடியோடு பக்கத்தில் இருப்பாள், ஒரு சொல்லைத் தாண்டினாலும் பிடிப்பாள்.

புது வருடத்துக்கு அடுத்த நாள், தை இரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை வருகிறது. அன்றைக்கு வா. மோர்டென்ஸ்ருட் கடைசித் தரிப்பிடம், தவறவிடமாட்டாய். மீன் குழம்பு வைக்கிறேன். பாணும் வாங்கி வைக்கிறேன், ஓரத்தைத் தின்னாமல் வைத்துவிடு.

சாப்பாடு மதியம் பன்னிரண்டு மணிக்கு. உனக்குப் பக்கத்துக் கதிரையில் நான் இருப்பேன்.

அப்பா